ஆசிரியர்க்குச் செய்யும் சிறப்பு



ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்ததும் எழுந்து வணங்குதல் தமிழக மாணவர் மரபு. ஜப்பானிய மாணவரும் பாடம் தொடங்குமுன் எழுந்து தலைதாழ்த்துவர். பின்லாந்துச் சிறுவரோ ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பர். இதனைக் கேட்போர், அங்கு ஆசிரியர்க்கு மதிப்பில்லை போலும் என்று எண்ணக்கூடும்.

ஆயினும் அந்நாட்டில் தொடக்கப் பள்ளியில் கற்பிக்கவே முதுகலைப் பட்டம் வேண்டும். அப்படிப்பில் இடம் கிடைப்பதும் அரிது. பாடநூலையும் கற்பிக்கும் முறையையும் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆசிரியர்க்கு உண்டு. பள்ளி ஆய்வாளர் முறையை 1990-களிலேயே அந்நாடு கைவிட்டது. அந்நம்பிக்கையே அவர்கள் செய்யும் வணக்கம்.

இந்தியாவில் 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மாலையும் வாழ்த்தும் குவிகின்றன. எனினும், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியரை ஈடுபடுத்த இடம் தருகிறது. பாடவேளை குறையுங்கால் இழப்பு மாணவர்க்கே.

சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் மாணாக்கர் இயல்பினை உரைக்குமுன் ஆசிரியர் இயல்பினை வகுத்தார். ஆசிரியராகத் தகாதவரையும் சுட்டினார். தக்காரைத் தேர்தலும், தேர்ந்தபின் நம்பிக் கற்பிக்க விடுதலும் சமுதாயத்தின் கடன். மாணவர் எழுந்து வணங்கும் நன்மரபு தொடர்க; பெரியோரின் நம்பிக்கையும் அதனுடன் சேர்க.