பழைய எஞ்சினுக்கு உறுப்புத் தேடுதல்



தேய்ந்த உறுப்புக்கு மாற்று உறுப்புக் கிடைக்கும் வரையில்தான் ஓர் இயந்திரத்துக்கு ஆயுள். இவ்வுண்மைக்குப் பிரிட்டனின் பழைய டீசல் ரயில் எஞ்சின்கள் தக்க சான்றாகும்.

1955ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் நவீனமயத் திட்டத்தை வெளியிட்டது. நீராவி எஞ்சின்களை நீக்கி, டீசலையும் மின்சாரத்தையும் புகுத்துவது அதன் நோக்கம். முதலில் சில மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, தேறியவற்றை மட்டும் பெருக்கலாம் என்றே எண்ணியிருந்தனர். ஆனால் அவசரம் மேலிட்டது. சோதனை முடியுமுன்னரே பல கம்பெனிகளிடம் பல வகை எஞ்சின்களுக்கு உத்தரவு கொடுத்துவிட்டனர். வகைகள் பெருகவே, சேமித்து வைக்கவேண்டிய உறுப்புகளும் பெருகின.

இதன் விளைவு யாது? கிளாஸ்கோ நகரத்து நார்த் பிரிட்டிஷ் கம்பெனி, மேற்கு வட்டாரத்துக்கென 58 சிறிய டீசல் எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது. 1962இல் அக்கம்பெனியே மூடப்பட்டது. தாயை இழந்த குழந்தைகளைப் போலாயின அந்த எஞ்சின்கள். ஒன்றைப் பிரித்து மற்றொன்றை ஓட்டினார்கள். 1972 பிறந்தபோது எல்லாம் ஓய்ந்துவிட்டன. இன்று காண்பதற்கு ஒன்றுகூட இல்லை.

இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் எஞ்சின்களோ நற்பேறு பெற்றவை. 8, 12, 16 சிலிண்டர்கள் என அளவு வேறுபட்டாலும், சிலிண்டரின் விட்டம் 10 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 12 அங்குலம் என்பது அக்குடும்பத்துக்குப் பொது. அவற்றுள் '37ஆம் வகுப்பு' எனப்படும் 309 எஞ்சின்கள் 1960 முதல் 1965 வரை கட்டப்பட்டன. ஓய்வுபெற்ற உடன்பிறப்புகள் உறுப்புகளை உதவுவதால், அவற்றுட் சில இன்றும் பிரதான பாதையில் உழைக்கின்றன.

'டெல்டிக்' எஞ்சினின் கதை வேறு. 1961, 1962 ஆண்டுகளில் வந்தவை 22. ஒவ்வொன்றிலும் இரண்டு நேப்பியர் பொறிகள். ஒரு பொறியில் முக்கோணமாய் அமைந்த 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள், மூன்று கிராங்குத் தண்டுகள். பொறி பழுதுற்றால் அதை அப்படியே தூக்கி எடுத்துவிட்டு, வேறொன்றைப் பொருத்துவார்கள். 1982 தொடக்கத்தில் அவற்றுக்கு ஓய்வளிக்கப்பட்டதும் அந்த ஏற்பாடும் முடிந்தது. எஞ்சியுள்ள ஆறையும் காப்பவர்கள், புதிய பொறி செய்வார் இல்லாமையால், பழைய பொறிகளைத் தேடிச் சேர்க்கின்றனர். அதே இனப் பொறிகள் கடற்படைக் கலங்களிலும் இருந்தமையால், அவர்கள் பார்வை துறைமுகங்களையும் நாடியது.

பழம்பொறி ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று பிழைக்கும். ஆனால் பிரித்தது மீளாது. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது? புதிதாய் வார்ப்பது இன்னொரு வழி. அதற்கு வரைபடம் வேண்டும், மர அச்சு வேண்டும், உலோகத்தின் கலவை தெரியவேண்டும். நூறு வார்க்கச் செய்யும் அச்சையே ஒன்றை வார்க்கவும் செய்தாகவேண்டும். ஆதலால் செலவு மிகுதி.

பல்லாண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பிரிக்குமுன் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து வரைந்து வைத்தல் வேண்டும். அந்த வரைபடத்தைப் படித்து, அரம் பிடித்து வேலை செய்யத் தெரிந்த இளைஞர்களையும் உடனிருத்திப் பழக்கவேண்டும். கிடங்கில் குவித்த இரும்பு ஒருநாள் தீர்ந்துபோகும். கைமாறி வரும் தொழிலறிவோ புதிய இரும்பைத் தானே ஆக்கிக்கொள்ளும்.