பதிப்பிடம் எங்கே?



நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். தலைமை உரை என்ற வரிக்கு நேரே தமிழ்ப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் மேற்கோள் அட்டவணைகளின் கணக்குப்படி அவர் ஏழெட்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், நான் ஒன்றுகூட எழுதவில்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அதனால்தான் ஏற்பாட்டுக் குழுவிடம் திருத்தச் சொல்லவில்லை.

இது யாருடைய அலட்சியமும் அல்ல. ஏபிஏ என்னும் மேற்கோள் முறை குடும்பப் பெயரை முன்னால் நிறுத்தி, சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், நடுவே ஓர் 'எஸ்' அல்லது 'டி', ஒரு சாய்கோடு, ஓர் 'ஓ', பிறகு தகப்பனார் பெயர். மென்பொருள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. மகள் எழுதினாலும் மகன் எழுதினாலும் பெருமை அப்பாவுக்குப் போகிறது. தமிழ் நூற்பட்டியலில் 'சாமிநாதையர், உ.வே.' என்று எழுதுகிறோமே, அதிலும் ஒரு காற்புள்ளி இருக்கிறது; ஆனால் அங்கே முன்னால் நிற்பவர் எழுதியவர். ஆங்கிலப் பட்டியலில் அதே காற்புள்ளிக்கு முன்னால் நிற்பவர் அவரைப் பெற்றவர். இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளில் அதே உ.வே.சா. எத்தனை வேடத்தில் வருகிறார் தெரியுமா? சாமிநாதையர், சாமிநாத ஐயர், 'ஐயர், எஸ்.', 'ஐயர், யூ.வி.எஸ்.' சாதிப் பட்டம் குடும்பப் பெயராகிவிட்டது. சிங்கை நேசன் இதழை நடத்திய சி.கு. மகுதூம் சாயபுவின் நிலை இன்னும் மோசம். சாயபு என்பது மரியாதைச் சொல். அதைப் பெயரென்று எடுத்துக்கொண்டால் இந்தச் சிங்கப்பூர்த் தீவில் வாழ்ந்த அத்தனை சாயபுமாரும் பட்டியலில் ஒரே வீட்டில் குடியேறிவிடுகிறார்கள்.

கட்டுரை அழைப்பு வெளியான நாளிலிருந்து எனக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்று: எந்த மேற்கோள் நடை? ஏபிஏவா, எம்எல்ஏவா, சிகாகோவா? ஆய்வுப் பொருளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பதில் நம் மாணவர்களுக்குப் பயம் ஏறிக்கிடக்கிறது. பயமுறுத்தியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். மதிப்பெண்ணைக் குறைத்த கை இது.

இந்த நடைகள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்காகப் பிறந்தவை. சிகாகோ கையேடு 1906இல் ஒரு பல்கலைக்கழக அச்சகத்தின் வேலைவிதிகளாக வந்தது. ஏபிஏ 1929இல் ஓர் உளவியல் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. மருத்துவ இதழ் ஆசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடி எண் போடும் முறையை வகுத்தார்கள். உளவியலாருக்கு முடிவு எவ்வளவு புதியது என்பது முக்கியம். ஆகவே பெயரை ஒட்டியே ஆண்டு வரும். மருத்துவருக்கு வரி சுருங்க வேண்டும், எண் போதும். இலக்கியம் படிப்பவருக்குப் பக்கம் வேண்டும். அவரவர் தேவைக்கு அவரவர் சட்டை தைத்தார்கள். அந்தச் சட்டையை அளவெடுக்காமல் நாம் போட்டுக்கொண்டதில் எங்கே பிடிக்கிறது என்பதுதான் என் பேச்சு.

பிடிக்கிற இடம் பதிப்பிடம். எம்எல்ஏ 2016இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில் நூல் எந்த ஊரில் வெளியானது என்ற விவரத்தைப் பொதுவாக எடுத்துவிட்டது. ஏபிஏ 2019இல் எடுத்தது. சிகாகோவும் 2024இன் பதினெட்டாம் பதிப்பில் அது கட்டாயமில்லை என்றது. 1900க்கு முந்திய நூல்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது. அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஒரே பதிப்பகத்துக்கு நியூயார்க்கிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் அலுவலகம் இருக்கும்போது எந்த ஊரைப் போடுவது? ஆனால் நமக்கு ஊர்தான் சான்று. இன்று கிடைக்கிற சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் மிகப் பழையது முகம்மது அப்துல்காதிறுப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு. 1872இல் இங்கே அரசாங்க அச்சகர் ஜே. பேட்டன் அச்சிட்டது. இதை ஏபிஏவின் புதிய முறைப்படி எழுதிப் பாருங்கள்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பேட்டன் என்று ஒரு பெயர். சென்னையில் அச்சானதா, நாகப்பட்டினத்திலா, பினாங்கிலா? சிங்கப்பூர் என்ற ஒரு சொல் போனதும், இந்த ஊரில் தமிழ் அச்சேறியது என்ற செய்தியே பட்டியலிலிருந்து போய்விடுகிறது. 1887இல் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் சிங்கை நகர் அந்தாதியை வெளியிட்டார். ஆள் யாழ்ப்பாணம், பதிப்பு சிங்கப்பூர். அந்த இரண்டு ஊர்களுக்கு இடையே ஓடிய கப்பல்தான் நம் இலக்கிய வரலாறு. ஊரை வெட்டிவிட்டு எதை ஆராய்வது?

அடுத்தது ஆண்டு. பழைய நூலின் முகப்பில் சர்வசித்து வருடம் தை மாதம் என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுழற்சியில் சர்வசித்து 1827இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் அச்சகத்தின் பெயரையும் பார்த்து 1887 என்று தீர்மானித்தாலும் வேலை முடியவில்லை. வருடம் பிறப்பது சித்திரையில். ஆகவே அந்தத் தை மாதம் ஆங்கிலக் கணக்கில் 1888. திருவள்ளுவர் ஆண்டு போட்ட நூல்களில் முப்பத்தொன்றைக் கழித்தால் போதும் என்று நினைத்துத் தவறும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். கழிப்பதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். அச்சில் உள்ளதை உள்ளபடி எழுதி, பக்கத்தில் பகர அடைப்புக்குள் உங்கள் கணக்கைப் போடுங்கள். உங்கள் கணக்கு தப்பினாலும் அடுத்தவர் திருத்திக்கொள்வார். மூலத்தை மறைத்துக் கணக்கை மட்டும் எழுதினால் திருத்த வழியில்லை.

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் 'ச' என்பது ரோமன் 'சி' எழுத்தாகும். எனவே சிங்கை நேசனை 'எஸ்' வரிசையில் தேடினால் கிடைக்காது. 'சி' வரிசைக்குப் போக வேண்டும். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி ஆங்கிலத்தில் 'எஸ்' போட்டுத்தான் அறியப்பட்டவர்; நூற்பட்டியலில் 'சி'யில் உட்கார்ந்திருக்கிறார். முறை தவறு என்று சொல்லமாட்டேன். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக்காட்ட ஒரு முறை வேண்டும்தானே. தமிழ்க் கட்டுரையில், தமிழ் நூலுக்கு, எதற்கு ரோமன் எழுத்து என்பதுதான் கேள்வி. தமிழில் எழுதினாலும் கணினி ஒரு விளையாட்டுக் காட்டும். யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்தின் பக்கத்திலேயே நிற்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ஜகரம் சகரத்துக்கு அடுத்து. வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் நெடுங்கணக்கு குலைந்துவிடும். பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

நம் உரையாசிரியர்களை இங்கே இழுத்து, அவர்களே உலகுக்கு அடிக்குறிப்பு கற்பித்தவர்கள் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். சொல்ல மனம் வரவில்லை. நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையில் பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் காட்டிப் போய்விடுகிறார். கேட்பவனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. சில நூற்றாண்டு கழித்து அது யாருக்கும் தெரியவில்லை. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் அந்த மேற்கோள்களை வைத்துக்கொண்டு அலைந்தார். திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் பிரித்தபோதுதான், அவை பத்துப்பாட்டிலும் தொகை நூல்களிலும் உள்ளவை என்று தெரியத் தொடங்கியது. பெயர் சொல்லாத மேற்கோள் சங்க இலக்கியத்துக்கு வழிகாட்டியது அதிருஷ்டம். எல்லாருக்கும் ஓர் உ.வே.சா. கிடைக்கமாட்டார். பெயர் சொன்ன உரைகளுக்கு வேறு பயன். அடியார்க்கு நல்லாரும் யாப்பருங்கல விருத்தியாரும் பெயர் சொன்னதால்தான், ஏடே இல்லாமல் போன நூல்களும் ஒரு காலத்தில் இருந்தன என்று நமக்குத் தெரிகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுத முடிந்தது.

என் அனுபவம் ஒன்று. சிங்கை நேசனில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அடிக்குறிப்பில் 'சிங்கை நேசன், 1888', அவ்வளவுதான். வார இதழ், ஓர் ஆண்டுக்கு ஐம்பது இதழ் இருக்கும். இதழைத் தேடிப் போனேன். நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதியிலிருந்து போவது சுலபம்: லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் ரோச்சோர், அடுத்தது பூகிஸ், இறங்கி நடந்தால் விக்டோரியா சாலைத் தேசிய நூலகம். போய்ச் சேர ஆன நேரம் கால் மணி. கடிதத்தைக் கண்டுபிடிக்க ஆனது இரண்டு பிற்பகல். நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றி, அரிசி விலையும் கப்பல் வரவும் படித்து, கண் எரிந்தது. கடிதம் 1888இல் இல்லை, 1889இல் இருந்தது. அப்புறம் பார்த்தால், அதே கடிதத்தை எடுத்தாண்ட பின்னவர்கள் நான்கு பேரும் 1888 என்றே போட்டிருக்கிறார்கள். நால்வரும் இதழைப் பார்த்ததுபோலவே எழுதியிருக்கிறார்கள். முதலாமவரிடமிருந்து எடுத்தேன் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் குற்றமே இல்லை.

அந்த நால்வருடைய அடிக்குறிப்பும் நடைவிதிப்படி அப்பழுக்கற்றது. சாய்வெழுத்து சரி, காற்புள்ளி சரி. ஒரு காலத்தில் ஒழுங்கான நூற்பட்டியலைப் பார்த்தால் ஆள் உழைத்திருக்கிறான் என்று தெரியும். இப்போது இயந்திரத்திடம் கேட்டால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு இலக்கணம் பிசகாத ஒரு வரி எழுதித் தருகிறது. வடிவத்தை வைத்து எதையும் நம்ப முடியாத நிலை.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் தொகுப்பு நூலுக்குக் கட்டுரையைத் திருத்தித் தரும்போது எந்த நடையையும் பின்பற்றுங்கள். கட்டுரை முழுக்க ஒன்றாக இருந்தால் சரி. ஆனால் பதிப்பிடம் இல்லாத தமிழ் நூற்குறிப்பை நான் திருப்பி அனுப்புவேன். பெயர் முகப்பில் உள்ளபடி தமிழில் இருக்கட்டும். 1965க்கு முந்திய எதுவானாலும் எந்த நூலகத்துப் படியை, அச்சிலா சுருளிலா திரையிலா, எதில் பார்த்தீர்கள் என்று ஒரு வரி வேண்டும். 'மேலது' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். வெட்டி ஒட்டும்போது நடுவில் இன்னொரு குறிப்பு புகுந்து, மேலது வேறெதையோ காட்டி நிற்கிறது. குறளுக்கும் புறநானூற்றுக்கும் எண்ணே போதும், பக்கம் வேண்டாம். பாடபேதம் பேசுகிறவர்கள் மட்டும் பதிப்பைச் சொல்லுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதல் அமர்வில் மூன்று கட்டுரைகள். மூன்றாவது கட்டுரையின் பன்னிரண்டாம் அடிக்குறிப்பில் '1888' என்று இருக்கிறது. கட்டுரையாளர் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கட்டும்; இதழின் தேதியும் பக்கமும் என் பையில் இருக்கின்றன.