பீரோவில் தூங்கிய புரொஜெக்டர்

(பெரியபட்டினத்தில் நடந்த ஆசிரியர் சந்திப்பில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம். மறு வருடம் போய்ப் பார்த்தால், உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. "கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?" என்றார் டீச்சர். கருவிக்குப் பணம் ஒதுக்கிய நாங்கள், அதைக் கையாளப் பழக்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

அரசுப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒருவர் கற்று அடுத்தவருக்குச் சொல்லும் முறையில் நடந்தவை. மாநிலத்திலிருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டாரம் என்று வரும்போது சாரம் குறைந்துவிடும். 2019-இல் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களுக்கென்று தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சியும் முதலில் நேரடியாகத்தான் நடந்தது. கொரோனா வந்ததும், 2020 அக்டோபரில் 'தீக்‌ஷா' தளத்துக்கு மாறியது. கைக்குழந்தை உள்ள டீச்சருக்கு இது பெரிய உதவி. புரியாததைத் திரும்பக் கேட்கலாம். பஸ் பிடித்து ராமநாதபுரமோ மஞ்சூரோ போக வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சகோதரி எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீடியோவை ஓடவிட்டுட்டு மீன் கழுவப் போயிட்டேன், சான்றிதழ் வந்துருச்சு." அவரைக் குறை சொல்லமாட்டோம். பள்ளி விட்டு வந்து, வீட்டு வேலைக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து கேட்பது யாருக்கும் சிரமம்தான். கேட்டதைப் பேசிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா?

பி.எட். படித்தவர்களுக்கு 'நுண்ணிலைக் கற்பித்தல்' நினைவிருக்கும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியபோதே, பயிற்சி ஆசிரியர் நடத்திய சிறு பாடத்தை வீடியோவில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினார்கள். அன்று அதற்குப் பெரிய கருவி வேண்டும். இன்று அது உங்கள் கைப்பையில் கிடக்கிறது.

அதனால் இந்த ஆண்டு புதுக் கருவி எதுவும் வாங்கப்போவதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை நம் நூலக அறையை இணையத்தோடு திறந்து வைக்கிறோம். பத்து நிமிடம் நீங்கள் நடத்திய பாடத்தைப் பதிந்து வாருங்கள். பின்னத்தை ரொட்டியில் விளக்கினீர்களா, கரும்பலகையில் விளக்கினீர்களா, கேள்வி கடைசி பெஞ்சுவரை போனதா என்று கூடிப் பார்ப்போம். மக்தப் உஸ்தாதுகளும் வரலாம். கேமரா உங்கள் பக்கம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் முகம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பகிர்வதும் கூடாது.

அந்தப் பழைய புரொஜெக்டரையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், முதல் சனிக்கிழமை அதன் உறையைப் பிரிப்போம். சார்ஜர் மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.