இரும்புத் தூளும் பிளாஸ்மா மின்வில்லும்



சிதறால் மலைப்பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய உளி அடியையும் தாங்க வேண்டும், முனையும் மழுங்கக் கூடாது. உடம்பு முழுவதையும் கடினமாக்கினால் ஒரே அடியில் தெறித்துவிடும். அதனால்தான் கொல்லன் முனைக்கு மட்டும் துவைச்சல் போடுகிறான். அதேபோல், இரும்புக் கலவைத் தூளைப் பிளாஸ்மா மின்வில்லில் உருக்கி, தேயும் இடத்தில் மட்டும் ஒரு கடினப் படலம் ஏற்றுவதைப் பற்றித்தான் இந்தக் கருத்தரங்கில் பேசப்போகிறோம்.

மார்த்தாண்டம் பக்கத்து எண்ணெய் ஆலை எக்ஸ்பெல்லரின் திருகை எடுத்துக்கொள்வோம். கொப்பரை அரைத்து அரைத்து அதன் விளிம்பு தேய்கிறது. பட்டறையில் வெல்டிங் ராடு வைத்து மேடு கட்டி, கிரைண்டிங் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். சாதாரண ராடு வெல்டிங்கில் முதல் வரிசைப் படிவில் கால் பங்குக்கு மேலும் அடி உலோகம் உருகிக் கலந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய குரோமியமும் கார்பனும் நீர்த்துப்போகும். இரண்டாவது, மூன்றாவது வரிசை போட்டால்தான் எதிர்பார்த்த கடினம் கிடைக்கும்.

பிளாஸ்மா முறையில் டங்ஸ்டன் மின்முனைக்கும் திருகுக்கும் இடையே எரியும் மின்வில்லை, தண்ணீர் ஓடும் செப்பு முனைக்குழாய் நெருக்கிப் பிடிக்கிறது. ஆர்கான் வாயு 50 முதல் 150 மைக்ரான் பருமனுள்ள தூளை அதற்குள் கொண்டுவருகிறது. மின்னோட்டத்தையும் தூளின் வரத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், அடி உலோகக் கலப்பைப் பத்து சதவீதத்துக்குள் நிறுத்த முடிகிறது. ஒரே வரிசையில் வேலை முடிகிறது.

இம்முறையின் அருமையைத் தமிழ்நாட்டில் நன்கு காட்டியது கல்பாக்கம். அங்குள்ள வேக ஈனுலையின் பாகங்களுக்குக் கோபால்ட் கலவைப் படலம் ஏற்றியிருந்தால், நியூட்ரான் பட்டு அதிலுள்ள கோபால்ட், கோபால்ட்-60 ஆகும். 5.27 ஆண்டு அரை ஆயுளுடன் காமா கதிர் வீசும் அந்தப் பாகத்தைப் பழுது பார்க்க யார் போவது? எனவே நிக்கல் கலவையைத் தேர்ந்து, பிளாஸ்மா முறையில் படியவைத்தார்கள்.

அங்கே ஏன் இரும்பு இல்லை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். அணு உலை வால்வுகளில் கோபால்ட்டுக்கு மாற்றாக அமெரிக்காவில் உருவான 'நோரெம்' இரும்புக் கலவைதான். ஆனால் வெப்பம் 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதன் உராய்வுத் தாங்குதிறன் சரிகிறது. ஈனுலையைக் குளிர்விக்கும் சோடியமோ 550 டிகிரி அளவுக்குச் சூடேறுகிறது. அந்த வேலைக்கு இரும்பை நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்பெல்லருக்கும் கல் உடைக்கும் கிரஷர் தாடைக்கும் அந்தச் சூடு இல்லை. அங்கே இறக்குமதிக் கோபால்ட்டுக்குப் பணம் கொட்டுவது வீண் என்பதே என் உறுதியான கருத்து.

இரும்பின் குறை வெடிப்பு. குரோமியம் கார்பைடு நிறைந்த படலம் ஆறும்போது சுருங்கி, குறுக்காகக் கீறல் விடுகிறது. கிரஷர் தாடையில் அந்தக் கீறலைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் வழியே உள்ளழுத்தம் தணியும். வால்வு இருக்கையிலோ ஒரு மயிரிழைக் கீறலே கசிவுக்குப் போதும். ஆகவே கடின எண்ணை மட்டும் அட்டவணையில் போட்டுவிட்டுக் கட்டுரையை முடிக்காதீர்கள். முன்சூடு எவ்வளவு, ஆறவிட்ட வேகம் என்ன, எங்கே வெடித்தது என்பதையும் வெட்டுமுகப் படத்தோடு சொல்லுங்கள். வெடித்த மாதிரியைக் கொண்டுவந்திருப்பவரை நான் மிகவும் மதிப்பேன்.

இன்னொன்று, நம் குமரி மாவட்டத்துக்கே உரியது. இரண்டு பருவமழையும் பெறும் ஊர் இது. காற்றின் ஈரத்தில் தூள் கட்டிதட்டினால் வரத்து விட்டுவிட்டு வரும், படிவில் நுண்துளை விழும்.  வெல்டிங் ராடைச் சூடுபெட்டியில் உலர்த்தி எடுக்கும் பழக்கம் நல்ல பட்டறைகளில் இருக்கிறது. தூளுக்கும் அந்தக் கவனம் வேண்டும். அதற்கான வெப்பத்தையும் நேரத்தையும் பட்டறைக்காரர் சுவரில் ஒட்டிவைத்துப் படிக்கும்படி தமிழில் எழுதித் தர இந்த அவை ஒரு குழு அமைக்க வேண்டுமென்று முன்மொழிகிறேன்.

முதல் அமர்வு தூளின் பருமனும் வரத்தும் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.