சஷ்டியப்தபூர்த்திக்குப் பின் ஒரு குருகுலவாசம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஓய்வுக்குப் பின் பயனுள்ள பொழுதுபோக்கு" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என் பொழுதுபோக்கு பயனுள்ளதா என்பதை என் சகதர்மிணிதான் சொல்ல வேண்டும். நான் சிறிய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் வேலை. அதில் பாதி இன்ஸ்பெக்ஷன் பிரிவில். போபாலில் ஓய்வு பெற்றேன். சஷ்டியப்தபூர்த்தி முடிந்த மறுமாதம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்தேன். "ஏன்னா, கார் ஓட்டறதே பயமா இருக்கு, இதுல ஆகாசத்துல வேறயா?" என்றாள் ஆத்துக்காரி. ஜே.ஆர்.டி. டாடா 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டியதையும், அதன் பொன்விழாவுக்காக 1982-ல், தம் 78-வது வயதில், அதே வழியில் மீண்டும் ஓட்டியதையும் எடுத்துச் சொன்னேன். "அவர் டாடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. ஆனால் மருத்துவச் சான்றிதழ் அவசியம். ஆர்வமுள்ளவர்கள் முதலில் அதை வாங்கிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். வானிலை, வழிகாணல், விமான விதிகள், இயந்திரம் ஆகியவற்றில் பரீட்சை உண்டு. ரேடியோவில் பேசத் தனி உரிமம். பறந்த நேரம் 40 மணியாவது இருக்க வேண்டும்.

எங்கள் விமானம் செஸ்னா 152. இரண்டே ஆசனம், 110 குதிரைசக்தி. என் ஆசிரியர் இருபத்தாறு வயது மராட்டியப் பிள்ளை. என் மகனைவிடச் சிறியவர். முதல் நாளே அவரை 'சார்' என்று அழைத்தேன். அவரும் என்னை 'சார்' என்றார். இரண்டு சார்களும் சேர்ந்து இறங்கும்போது பலமுறை தரையில் பந்துபோல் துள்ளினோம்.

இப்போது சொல்லக் கூசும் விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் தனியாக 150 கடல் மைல், அதாவது சுமார் 280 கிலோமீட்டர், பறந்து, இரண்டு வேறு நிலையங்களில் இறங்கித் திரும்ப வேண்டும். அன்று காலை செக்லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வந்தேன். இறக்கையின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக் குச்சியை விட்டுப் பெட்ரோல் பார்க்க வேண்டும். சிறிய விமானங்களில் உள்ளே இருக்கும் முள்ளை நம்பக்கூடாது என்பது முதல் பாடம். எனக்கோ முழங்கால் வலி. முந்தின நாள் டாங்க் நிறைந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். முள்ளும் ஏறக்குறைய முழுசு என்றது. டிக் போட்டுவிட்டேன்.

ஆசிரியர் ஒன்றும் பேசாமல் தாமே ஏறிக் குச்சியை விட்டார். பாதிக்குச் சற்றே மேல். முந்தின மாலை வேறு மாணவர் ஒருவர் பறந்துவிட்டு வந்திருக்கிறார். மணிக்கு இருபத்து மூன்று லிட்டர் குடிக்கும் விமானம். பாதி டாங்க் என்றால் இரண்டு மணி நேரம். என் பயணமே கிட்டத்தட்ட அவ்வளவு. எதிர்காற்று அடித்தால் கதி என்ன?

அவர் கோபிக்கவில்லை. "சார், வங்கியில் பணத்தை எண்ணாமல் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அப்படிப் போட்டவர்களைப் பற்றி நான் எழுதிய ரிப்போர்ட்டுகள் எனக்குத்தான் தெரியும். ஒரு வாரம் என்னைப் பறக்க விடவில்லை. அது நியாயமே.

அந்த வாரம் தூக்கமில்லை. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "தப்பைக் கண்டுபிடிக்க ஒருத்தர் இருந்தாரே, அவர்கிட்டயே முழுசாக் கத்துண்டு வாங்கோ" என்றாள்.

அடுத்த வாரம் முழங்கால் வலியோடு இரண்டு இறக்கைகளிலும் ஏறி அளந்தேன். தனியாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பினேன். சில மாதங்களில் உரிமமும் கிடைத்தது.

நாம் வயதில் மூத்தவர்கள், அனுபவசாலிகள் என்பதெல்லாம் சரி. ஆனால் அந்த அனுபவம்தான் அன்று என்னைக் குச்சியை எடுக்கவிடாமல் செய்தது. புதிதாக எதையாவது கற்கப் போகிறவர்கள் அதை வாசலில் செருப்போடு விட்டுச் செல்லுங்கள்.

என் முதல் பயணி யார் என்று கேட்பீர்கள். ஆத்துக்காரிதான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "குச்சிய விட்டுப் பார்த்தேளா?"