குறியெண் சொல்வதும் சொல்லாததும்



சற்றுப் பூசினாற்போல் இருப்பவரைச் சுகவாசி என்பதும், மெலிந்தவரை நோய் அண்டாதவர் என்பதும் நம் வழக்கு. கண்ணால் பார்த்துக் கூறும் இக்கூற்றுகள் பல வேளைகளில் பிழையாகிவிடுகின்றன. ஆகவேதான் மருத்துவ உலகம் ஓர் எண்ணின் துணையை நாடியது. பி.எம்.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் அவ்வெண்ணைத் தமிழில் உடல் நிறைக் குறியெண் என்கிறோம். இந்தியராகிய நமக்கு அதன் பொருள் யாது என்பதே இன்றைய பேச்சு.

நான் மருத்துவன் அல்லன். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவன். குறியெண் என்ற சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது என்பது என் கருத்து. குறி என்பது அடையாளம், தீர்ப்பன்று. கருமேகம் திரண்டால் மழைக்குறி என்கிறோம். திரண்ட மேகமெல்லாம் பொழிந்துவிடுவதில்லை.

கணக்கு எளியது. உயரத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கிக்கொள்ள வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை அப்பெருக்குத் தொகையால் வகுத்தால் கிடைப்பதே குறியெண். ஒருவருடைய உயரம் 1.6 மீட்டர், எடை 60 கிலோ எனக் கொள்வோம். 1.6ஐ 1.6ஆல் பெருக்க 2.56. அறுபதை அதனால் வகுக்க 23.4. இதுவே அவரது குறியெண்.

இக்கணக்கின் மூலவர் பெல்ஜியம் நாட்டு வானியல், புள்ளியியல் அறிஞர் அடால்ப் கெட்டலே. மக்கட்கூட்டத்தின் சராசரி மனிதன் எத்தகையவன் என்று ஆராய்ந்த அவர், வளர்ந்தோரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைவதை 1830களில் எடுத்துரைத்தார். உடற்பருமனை நோயாகக் கருதி அவர் இதனை வகுக்கவில்லை. இன்றைய பெயரை 1972இல் வழங்கியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். ஆக, இது கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல். தனி மனிதரை இதனால் அளக்கும்போது எச்சரிக்கை தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவரையறைப்படி, 18.5க்குக் குறைந்தால் எடைக்குறைவு. 25ஐ எட்டினால் மிகை எடை. 30ஐ எட்டினால் உடற்பருமன். நம் எடுத்துக்காட்டு மனிதர் இதன்படி கவலையற்றவர். ஆனால் அவர் இந்தியராயின் கதை வேறு.

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரு மருத்துவ அறிஞர்களின் நிழற்படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்துச் சித்தரஞ்சன் யாக்னிக்; மற்றவர் இலண்டனைச் சார்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் குறியெண் ஒன்றே: 22.3. ஆயினும் உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதமும், யாக்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. தராசு இருவரையும் சமமென்றது. உடலின் உள்ளமைப்பு அவ்வாறில்லை.

மெலிந்த தோற்றத்திற்குள்ளும் வயிற்றுப்பகுதியில் கொழுப்பு சேர்வது நம்மவர் உடலின் இயல்பு. கல்லீரலையும் குடலையும் சூழும் அக்கொழுப்பு இன்சுலினின் ஆற்றலை மழுங்கச் செய்கிறது. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலுகிறது. எனவே ஆசிய மக்கள் 23லிருந்தே விழிப்புக் கொள்ளவேண்டும் என 2004இல் உலக சுகாதார நிறுவன வல்லுநர்கள் கூறினர். 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23ஐ மிகை எடைக்கும், 25ஐ உடற்பருமனுக்கும் எல்லையாக வகுத்தனர். நம் 23.4 மனிதர் இப்போது எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியவராகிறார்.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 24 சதவீதத்தினர் 25ஐ எட்டியவர்கள், 18.7 சதவீதத்தினரோ 18.5க்கும் கீழ்ப்பட்டவர்கள். மிகையும் குறையும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

குறியெண்ணுக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றே. ஆகவே தசை முறுக்கேறிய மல்லரை அது பருமனானவர் எனக் காட்டக்கூடும். முதியவருக்குத் தசை கரைந்து கொழுப்பு ஏறினாலும் எண் மாறாது நிற்கக்கூடும். கருவுற்ற பெண்டிருக்கு இவ்வெல்லைகள் பொருந்தா. குழந்தைகளுக்கு வயதையும் பாலையும் ஒட்டிய தனி அட்டவணை உண்டு. குறியெண்ணை மட்டும் கொண்டு ஒருவரது உடற்பருமனை முடிவு செய்தல் ஆகாது என 2025 ஜனவரியில் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்றும் வலியுறுத்தியது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? தையற்காரரின் நாடா ஒன்று போதும். இயல்பாக மூச்சை வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே சுற்றளவை எடுங்கள். ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், குறியெண் நலமாயிருப்பினும் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக் கொள்வது அறிவுடைமை.

மிகை எடையுள்ளோர் அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே சர்க்கரையும் அழுத்தமும் சீர்படத் தொடங்கும். இலையில் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் கூட்டுவது ஒரு வழி. வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடப்பதும், இரு நாள் தசைக்குப் பயிற்சி தருவதும் மற்றொன்று. பட்டினி கிடப்பது வழியன்று.

பிறர் உடலைக் கேலி பேச இவ்வெண் உதவலாகாது; நம் உடலை நாமே கவனிக்க உதவுமாயின் அது போதும். குறியெண் உயர்ந்தது கண்டு அஞ்சவேண்டா. தாழ்ந்திருப்பது கண்டு அயரவும் வேண்டா. அடுத்த முறை தராசில் ஏறும்போது, நாடாவையும் கையில் எடுத்துக் கொள்ளுங்கள்.