மலை இருக்கும் பக்கம் வடக்கு

திருப்பதியில் இறங்கியதும் கண் தானாக மலையைத் தேடும். அந்த மலை இருக்கும் பக்கம்தான் வடக்கு. கையிலுள்ள வரைபடத்தின் வடக்கை மலைப்பக்கம் திருப்புங்கள். தெருவும் படமும் பொருந்திவிடும்.

அந்த மலை கண்ணில் படாத சித்தூர்க்காரர்கள் காலைச் சூரியனைப் பார்த்து நில்லுங்கள். இடதுகைப் பக்கம் வடக்கு.

வடக்கு தெரிந்தால் ஓரியன்டீரிங் ஆடலாம். சுவீடன் நாட்டில் வளர்ந்த விளையாட்டு. வரைபடம், திசைகாட்டி, அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தொங்கும் கொடிகள். வரிசை தவறாமல் கண்டுபிடிக்கணும். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படியில் வழி ஒன்றுதான். இதிலோ வழி நம் இஷ்டம். ஓடத் தெரிந்த பேரனை நிதானமான பாட்டி ஜெயித்துவிடலாம்!

விளையாட, அந்த மலையைச் சுற்றியுள்ள சேஷாசலம் காடு வேண்டாம், சிறுத்தை உலவும் இடம். பள்ளி மைதானம் போதும். நீங்களே படம் வரைந்து, வேப்பமரத்தில் ஒன்று, குழாயடியில் ஒன்றென ஐந்து ரிப்பன் கட்டுங்கள். வரைபடத்தில் வடக்கைக் குறிக்க மட்டும் மறக்காதீர்கள்.